சாலமன் பச்சை

மார்ச் 2, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. இன்று காலை 9.40-க்கு, கூடத்துப் பவளத் தொட்டியின் விளக்கை 150 வாட்டிலிருந்து 250 வாட்டுக்கு உயர்த்துவதென்று முடிவெடுக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: நான். வழிமொழிந்தவர்: நான். மனைவி ஜெசிந்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபடியால் கண்ணீருடன் கேட்டுக்கொண்டாள்.

காரணம் பதிவாகட்டும். ஜெயநகர் லோகேஷ் இரண்டு வருடம் முன்பு தன் பச்சைப் பவளத்தில் கட்டைவிரல் அளவு ஒடித்து எனக்குக் கொடுத்தார். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்காரர்களிடையே இது வழக்கம். ஒருவர் தொட்டி செத்தால் இன்னொருவரிடம் வித்து இருக்கும். டிசம்பரில் ஹீட்டர் அணையாமல் லோகேஷின் தொட்டி ஒரே நாளில் வெந்துபோனது. அந்தப் பச்சை இப்போது உலகத்திலேயே பொம்மனஹள்ளியில் மட்டும், எங்கள் வீட்டுக் கூடத்தில். மாதக் கடைசியில் புதுத் தொட்டிக்கு ஒரு துண்டு கேட்டிருக்கிறார்.

வழக்கத்தின் இரண்டாம் பகுதி: காப்பாற்றிக் கொடுத்தவர் பெயர்தான் இனி அதற்கு. லோகேஷ் பச்சை என்றிருந்தது சாலமன் பச்சை ஆகும். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

பழைய பல்புக்கு வயதாகி, பச்சையில் பழுப்பு ஏறியிருக்கிறது. அப்படியே கொடுத்தால் பெயர் கெடும். என் பெயர்.

மார்ச் 5, புதன்

அரை நாள் விடுப்பு. மச்சினன் ஆண்டனி சந்தாபுராவிலிருந்து டிரில்லிங் மெஷினோடு வந்தான். புது பல்பு, புது சோக், புதுக் கண்ணாடி மூடி. எரிந்ததும் கூடத்தில் ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்தது.

"இன்னா மாமா, மீனுங்களுக்கு டே-நைட் மேட்ச்சா?"

மெட்டல் ஹேலைடு என்றால் என்னவென்று விளக்கினேன். கடல்மேல் அடிக்கும் வெயிலுக்கு மிக நெருங்கிய வெளிச்சம் தரும் பல்பு என்றேன்.

"கோலார் தங்கச் சொரங்கத்துல எங்க தாத்தா எத்தினியோ ஆயிரம் அடி கீழ எறங்கினாரு மாமா. தலையில ஒரே ஒரு லைட்டு. நீங்க ரெண்டடித் தண்ணிக்கு இத மாட்டுறீங்க."

"அவருக்குத் தங்கம் வளர்க்கிற வேலை இல்லையே" என்றேன். அவன் ஸ்க்ரூவை முடுக்கப் போய்விட்டான்.

பழைய விளக்கை இறக்கும்போது சங்கிலி பட்டுப் பவளத்தில் நகத்தளவு துண்டு ஒடிந்தது. குப்பை என்றேன். ஜெ. அதை எடுத்து, என் செருப்புக்கு வாங்கிய பசையால் ஒரு கல்லில் ஒட்டி, தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டியில் வைத்தாள். அங்கே பாசிக்காக ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பு எரிகிறது. அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும்தானே.

விதிகள் (எழுதித் தொட்டி மேல் ஒட்டியது):
- புது வெளிச்சம் திடீரென்று பட்டால் பவளம் வெளுத்துவிடும். ஆகவே விளக்குக்குக் கீழே கொசுவலை, நான்கு மடிப்பு.
- ஐந்து நாளைக்கு ஒரு மடிப்பு எடுப்பது. அவசரம் கூடாது. (அடிக்கோடு.)
- தினம் நாலு மணி நேரம் மட்டும்.
- தண்ணீர் 28 டிகிரி தாண்டினால் டேபிள் ஃபேன்.

கொசுவலை உபயம்: படுக்கையறை ஜன்னல்.

மார்ச் 10, திங்கள்

முதல் மடிப்பு எடுத்தாயிற்று. 27.5. கொசு அதிகம்.

கீழ்வீட்டுக் கன்னடக்காரர் படியில் மறித்தார். "ஏன் சார், மேல பியூட்டி பார்லர் ஓப்பன் பண்ணிட்டீங்களா? நீல லைட்டு ரோடு வரைக்கும் பர்த்திதே." வெளிச்சம் ஏன் ரோடு வரை வருகிறது என்று விளக்கினேன். இருபது நிமிடம். கடைசியில் கைகூப்பினார்.

மார்ச் 15, சனி

இரண்டாம் மடிப்பு. அளந்தேன். வளர்ச்சி ஒரு மில்லிமீட்டர். ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு. இரண்டு என்று குறித்திருக்கிறேன்.

மறக்கக் கூடாதவை: காய்ந்த துணி, பால் கார்டு, ஆண்டனியின் ஸ்க்ரூடிரைவர்.

மார்ச் 20, வியாழன்

லோகேஷ் போன். மாதக் கடைசி வரை பொறுக்காமல் இந்த ஞாயிறே வருகிறார். பட்டியல்படி இன்று ஒரு மடிப்பு, 25-இல் கடைசி. ஆனால் வலைக்கு அடியில் பார்த்தால் பவளம் ஆறிப்போன டீ மாதிரி இருக்கிறது. வருகிறவர் கண்ணுக்கு என்ன மரியாதை? இரண்டையும் எடுத்தேன். நேரமும் நாலு போதாது, எட்டு.

ஜெ: "அவசரம் கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டினீங்க? அதுக்குக் கீழ கோடு வேற போட்டு?"

அது பொதுமக்களுக்கு என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

அபாரம். பச்சை ஒன்று அடிக்கிறது கண்ணில், பெயர் இல்லாத பச்சை. பெயர்தான் தயாராக இருக்கிறதே. தொட்டிக்காரர் குழுவில் படம் போட்டேன். பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். லேபிள் எழுதிப் பழகினேன். 'ச'வுக்குக் கால் நீட்டிப் போட்டால் எடுப்பாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

28.6. ஃபேன். நுனிகள் வெள்ளையாகியிருக்கின்றன. பவளத்தில் வளரும் நுனி எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும், புத்தகமே சொல்கிறது. ஒரே நாளில் இத்தனை நுனி வளர்ந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜெ. பார்த்துவிட்டு, "நடுவுலயும் வெள்ளையா இருக்கே?" என்றாள். நடுவிலும் வளர்கிறது என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

லோகேஷ் 11 மணிக்கு. கையில் மூடி போட்ட டப்பா. தொட்டி முன் நின்றார். நான் வளர்ச்சியைப் பற்றிப் பேசினேன். அவர் குனிந்து தொட்டிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"சார், இது நுனி அல்ல. பூரா வெளுத்துடுச்சு. எஷ்டு வாட்டு?"

"இருநூற்றைம்பது."

"நெட்டு?"

கொசுவலை இருந்தது என்றேன்.

"பரவால்ல சார், பிடிங்க" என்று டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். தவறான காலில் மாட்டினார்.

ஜெ: "ஒரு நிமிஷம் இருங்கண்ணா." அலமாரிக் கதவைத் திறந்தாள். எல்.இ.டி. பல்புக்கு அடியில், கல் மேல், அந்த நகத்தளவுத் துண்டு. முழுப் பச்சை. பக்கத்தில் மொட்டு மாதிரி ஒன்று புதிதாக.

லோகேஷ் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "அய்யோ தேவரே. போயே போச்சுன்னு நெனச்சேன் மேடம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். கல்லை அவள் வைத்தாள்.

மாலை: கொசுவலை மறுபடி நான்கு மடிப்பு. மூன்று மணி நேரம். வெளுத்தவை சில சமயம் மீளும் என்று புத்தகம் சொல்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

மேகம். 26.8. லோகேஷ் குழுவில் படம் போட்டிருக்கிறார். புதுத் தொட்டி, நடுக்கல்லில் துண்டு. முப்பத்தாறு கட்டைவிரல். கண்ணாடியில் லேபிள்: ஜெசிந்தா பச்சை.