தொண்ணூற்றிரண்டு செடி, ஒரு பாகம் கயிறு

மார்ச் 4

என் தங்கை பெற்ற தங்கமே,

நலம். உன் கடிதம் கிடைத்தது. "போன்ல கேட்டா ஆகாதா?" என்று உன் அம்மா முனகினாள். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் நான் முடிக்கும்வரை வாயைத் திறக்காது.

நீ செய்கிற வீடியோ கேமில் ஒருவன் தீவில் மாட்டிக்கொள்கிறான். செடியை உரித்துக் கயிறு செய்து பாறையில் இறங்க வேண்டும். எத்தனை செடிக்கு எவ்வளவு கயிறு என்று கேட்கிறாய். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்! முப்பத்தோரு வருஷம் கயிற்றோடு குடும்பம் நடத்தியவன் நான். என் கையால் திரித்த கயிறு, புயலில் ஆயிரம் பேர் ஏறிய கப்பலைப் பிடித்து நிறுத்தியது. கப்பல் அசையவில்லை. துறைமுகம்தான் கொஞ்சம் நகர்ந்தது.

எழுதிக்கொள்: மூன்று செடிக்கு ஒரு பாகம் கயிறு. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். பத்து நிமிஷ வேலை. யானையே தொங்கலாம்.

இப்படிக்கு,
கயிற்று உலகின் தனிக்காட்டு ராஜா,
உன் மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமா,

நேற்று ஆபீஸ் கூட்டத்தில் உங்கள் கணக்கைத்தான் சொன்னேன். "எல்லா கேம்லயும் பொத்தானை அழுத்தினா கயிறு வருது, நமக்கு ஏன் வம்பு?" என்பது எங்கள் தலைவரின் கட்சி. நிஜமாக இருக்கட்டும் என்று நாலு மாதமாக மல்லுக்கு நிற்பவள் நான். "எங்க மாமாவே திரிச்சிருக்கார்" என்று வேறு சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு ஒலி சேர்ப்பவர் முன்பு படகில் வேலை பார்த்தவர். "மூணு செடியில செருப்பு வார்கூட வராதும்மா. உங்க மாமா எதைத் திரிச்சாரோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "உங்க மாமா எங்கடி திரிச்சான்? கடையில ஆலைக் கயித்தை அளந்து வெட்டிக் கொடுத்தவன்" என்றாள்.

ஏப்ரல் முப்பதில் கடைசிக் கூட்டம். அதற்குள் சரியான கணக்கு இல்லையென்றால் என் பகுதியையே தூக்கிவிடுவார்கள். என்னைப் பொத்தான்களுக்கு நிறம் பூசப் போடுவார்கள். நானே வழி பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

மருமகள்


மார்ச் 23

வாலு,

"சிரமப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். நாலு தடவை படித்தேன். திட்டியிருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும்.

உன் அம்மா சொன்னது உண்மை. கப்பல் கதையும் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னது. அவர் கதையில் துறைமுகம் நகரவில்லை.

சரி, ஆனது ஆயிற்று. இன்று காலை ரயில் பாதை ஓரம் போனேன். உன் தீவில் இருப்பது போலவே ஆளுயரச் செடி, பேர் தெரியாது, தண்டை உரித்தால் நார் வருகிறது. அறுத்துக் கட்டிக் குளியல் தொட்டியில் ஊறப் போட்டிருக்கிறேன். நான் இனி வாளியில்தான் குளிப்பேன். உனக்குக் கணக்கு வந்தே தீரும்.

மாமா


ஏப்ரல் 12

வாலு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, கேட்டுக்கொள்.

பன்னிரண்டு நாள் ஊறியது. நாற்றம் தாங்காமல் மாடி வீட்டு நர்ஸ் கதவைத் தட்டி, "ஐயா, உள்ள யாராவது இருக்கீங்களா... இல்ல, போயிட்டீங்களா?" என்றார். அலசினேன், காயவைத்தேன், திரித்தேன். பார்க்க ராஜநாகம் மாதிரி இருந்தது. பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கினேன். கண்ணெதிரே தானாகப் பிரிந்து, மறுபடி வெறும் நாராகி, என்னைத் தொட்டிச்செடி மேல் உட்காரவைத்தது.

விழுந்த இடத்திலிருந்தே துணி உலர்த்தும் கொடியைப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு இழையும் வலப்பக்கம் முறுக்கியிருக்கிறது. இழைகளைச் சேர்த்தது இடப்பக்கம். ஒன்று பிரியப் பார்த்தால் இன்னொன்று இறுக்குகிறது. நான் இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கியிருக்கிறேன்! முப்பத்தோரு வருஷம் கயிற்றை வெட்டியவன், அது ஏன் பிரியாமல் நிற்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

நார் அப்படியே இருக்கிறது. இடுப்பில் கொஞ்சம் வலி. நாளைக்கு மறுபடி.

மாமா


ஏப்ரல் 24

வாலு,

இதோடு பார்சலில் இருப்பது ஒரு பாகம் கயிறு, பெருவிரல் பருமன். என் இரண்டு கையால் அளந்தது.

செடி தொண்ணூற்றிரண்டு. ஊற வைக்கப் பன்னிரண்டு நாள். காய இரண்டு நாள். திரிக்க, தப்பானதைச் சேர்க்காமல், நாலு நாள்.

அதே கம்பியில் தொங்கினேன். தெருவே திரண்டு கைதட்டியது. இல்லை, அதை அடித்துவிடு. நர்ஸ் மட்டும் பார்த்தார், அவரும் சிரித்தார். எண்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குள் கைதான் விட்டது, கயிறு விடவில்லை.

யானை தாங்குமா என்று தெரியாது. எழுபது கிலோ தாங்கும்.

மாமா


மே 1

அன்புள்ள மாமா,

நேற்று அந்தக் கயிற்றை உத்தரத்தில் கட்டினோம். ஒலி சேர்ப்பவர் முறுக்கைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானே முடிச்சை இறுக்கினார். தலைவர் காலை மடக்கிக்கொண்டு தொங்கினார். தாங்கியது. இறங்கியதும், "தொண்ணூத்திரண்டு செடியை எவன் அறுப்பான்? பாதியாக்கு" என்றார். "பாதியாக்கினா நீங்க இப்ப தரையில இருப்பீங்க சார்" என்றேன். சிரித்துவிட்டார். என் பகுதி நிற்கிறது, மாமா. ஒரே பக்கம் முறுக்கினால் கேமிலும் பிரிந்துவிடும். அது உங்கள் உபயம்.

நடுவில் வந்த இரண்டு கடிதத்துக்கும் கோபத்தில் பதில் போடவில்லை. பார்சலோடு கடிதம் வந்த அன்றைக்கே நம்பினேன். ஏன் தெரியுமா? நீங்கள் வாழ்நாளில் மூன்று, பத்து, ஆயிரம் என்று வாய்க்கு வந்ததைத் தவிர வேறு எண் சொல்லி நான் கேட்டதில்லை. தொண்ணூற்றிரண்டு என்று எழுத உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

கயிற்றைத் திருப்பித் தர மாட்டேன்.

அடுத்து, தீவுக்காரனுக்குத் தண்ணீர் வைக்க ஒரு மண்பானை வேண்டும். நீங்கள் பானை செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அப்போதும் உங்களைத்தான் கேட்பேன்.

உங்கள் வாலு


மே 6

வாலு,

பானை செய்ததில்லை. மண் கொண்டுவந்துவிட்டேன்.

மாமா