நீட்டாத அங்கவடி வார்

செல்ல மகளே,

நெடுந்தூரப் பந்தயத்தில் முன்னங்கால் தசைநாண் கிழிந்த உன் குதிரை இப்போது நொண்டுவதில்லை. கொட்டடியில் அடைபட்டே மகாராணிக்குத் திமிர் ஏறிவிட்டது. ஐஸ் ஒத்தடம் கொடுக்கக் குனிந்தால் என் தொப்பியைத் தின்றுவிட்டாள்!

ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்க பொண்ணு உடனே இறங்கிட்டதாலதான் கால் பொழச்சுது. இனி ஏறலாம், ஆனா நடை மட்டும்தான்" என்றார். 'இனிமே குதிரை மேல ஏறவே மாட்டேன்' என்று நீ அழுதுகொண்டே கிளம்பிப் போனதை அவரிடம் நான் சொல்லவில்லை.

எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்கக் கூடாதென்பது அம்மாவின் உத்தரவு. கேட்கவில்லை.

இன்று நானே ஏறலாமென்று சேணம் பூட்டி, அதில் தொங்கும் அங்கவடியில் கால் வைத்தேன். அதன் வார் உன் உயரத்துக்கே அளவாக இருந்ததால் முழங்கால் மூக்கில் இடித்தது. வாரை நீட்ட மனம் வரவில்லை. கடிவாளத்தைக் கையில் பிடித்தபடியே அவளை நடத்திக் கூட்டிப்போனேன்.

இப்படிக்கு,
தொப்பியில்லா அப்பா