சாப்பாட்டுக்கூட வாசலில் ஒரு மறியல்

மான்ட்கோமரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள லெமுவலுக்கு,

உன் மனைவி வெர்னீஸ் எழுதுவது. நான் நலம். கடலுக்கு நடுவே அந்த எண்ணெய்க் கிணற்று மேடையில் குளிர் எப்படி? கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா? இங்கே கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. உன் அம்மாவின் போன்தான் நின்றபாடில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவர் வேறு மாதிரி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி என் மூன்றாம் வகுப்புக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினேன். அநியாயத்தைக் கண்டால் அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, ஆனால் இடத்தை விட்டு நகரவும் கூடாது என்றேன். புரிந்ததா என்று கேட்டதற்கு, புரிந்தது என்று ஒரே குரலில் கத்தினார்கள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் எங்கள் வகுப்புக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். பெரிய வகுப்புகள் தின்றுவிட்டுப் போனபின் பொரித்த கோழி இருக்காது, அவித்த பீன்ஸ்தான் கிடக்கும். வெள்ளிக்கிழமை என் பிள்ளைகள் முன்னாலேயே போய், சாப்பாட்டுக்கூட வாசலை அடைத்துத் தரையில் உட்கார்ந்து, கைகோத்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுருதி ஒருவருக்கும் சேரவில்லை.

தலைமையாசிரியர் பெட்டிஃபோர்ட் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னம்மா கூத்து இது? இதுக்குத்தான் பாடம் நடத்துனியா? எழுப்பி விடு!"

எழுந்திருங்கள் என்றேன். முன்பல் விழுந்த லட்ரீஸ் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாடத்துல வந்தவங்க போலீஸ் சொன்னப்பவே எந்திரிக்கலையே! நீங்க வெறும் மிஸ்தானே?" என்றாள்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதைப் பெட்டிஃபோர்ட் காதோரம் ஞாபகப்படுத்தினார். பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் நின்ற ஐந்தாம் வகுப்புத் தடியன்கள்தான் கடைசியில் பசி தாங்காமல், "சார், அவங்களையே முதல்ல விட்டுத் தொலைங்க சார்!" என்று அலறினார்கள். இனி வாரத்துக்கு ஒரு வகுப்பு முதல் பந்தி என்று முடிவாயிற்று. பிள்ளைகள் கோழியை நோக்கிப் பறந்தார்கள். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பெட்டிஃபோர்ட்தான் தூக்கிவிட்டார். "கிங் காலத்துல இந்த ஊரு கறுப்பு ஜனங்க பஸ்ஸைப் புறக்கணிச்சப்ப எங்கப்பாவும் வேலைக்கு நடந்தே போனவரு. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். என் வேலை நிரந்தரமாகுமா என்பது இன்னும் தெரியாது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் விடுப்பை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள், நீ பரவாயில்லை என்றாய். ஈஸ்டருக்கும் அப்படிச் சொல்லிவிடாதே. மேலாளரிடம் போய்க் கேள். இல்லை என்றால், அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிடு.

கர்த்தர் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன்,
வெர்னீஸ்