ஆறாவது நிமிடத்தில் வந்தது

புதூர்நாடு,
மார்ச் 9

அன்புள்ள தம்பி ராஜ்குமாருக்கு,

அண்ணி ஈஸ்வரி எழுதுகிறேன். உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் பக்கத்திலிருந்து கேட்டுவிடுவார், அதனால்தான் கடிதம்.

நாங்கள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனது உனக்குத் தெரியும். எதற்கென்று முழுதாகச் சொல்லவில்லை. தை மாதம் முதலே, புளி உலுக்க மேலே போகும்போதெல்லாம் அண்ணன் வழுக்குப்பாறைத் திருப்பத்தில் நின்றுவிடுவார். "பின்னாடி யாரோ வர்றாங்க ஈஸ்வரி. முதுகுல கைய வெச்சு அமுக்குறாங்க" என்பார். திரும்பிப் பார்த்தால் பாதையில் யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கை விலகிவிடுமாம். உங்கள் அப்பா அந்தத் திருப்பத்தில்தான் விழுந்து கிடந்தார். மூன்று வருடம் கழித்து உன் சித்தப்பாவையும் அங்கிருந்துதான் தூக்கி வந்தார்கள். ஊரில் பூசை போடச் சொன்னார்கள். போட்டோம். மறுநாளும் கை வந்தது.

ஊருக்கு வரும் நர்ஸ் மஞ்சுளாதான் பிடித்துத் திட்டினாள். "இன்னாக்கா, நெஞ்ச டெஸ்ட் எடுக்காம பூச போட்டுனு இருக்கீங்க?" என்று கேட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மார்பு முழுக்க ஒயர் ஒட்டி ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் அது மேட்டுப் பாதைபோல் நிமிர்ந்துகொண்டே போனது. ஏசி அறை. பாறை இல்லை, மரம் இல்லை. ஆறாவது நிமிடத்தில் அவர் முகம் வெளுத்தது. "வந்துட்டாங்க" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவர் பின்னால் வெறும் சுவர். டாக்டர் சுவரைப் பார்க்கவில்லை, திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தார். கோடு இறங்கியிருந்தது. உடனே நிறுத்தச் சொன்னார்.

பிறகு ஊசி மருந்து ஏற்றி இருதயத்தைப் படமெடுத்தார்கள். சும்மா இருந்தபோது எடுத்ததில் இருதயம் முழு வட்டமாக ஒளிர்ந்தது. உடம்பைக் களைக்கவைத்து எடுத்ததில் ஒரு பக்கம் கறுத்து, யாரோ கடித்துத் தின்ற மாதிரி இருந்தது. "மேடு ஏர்றப்போ இந்த எடத்துக்கு ரத்தம் போறதில்லமா. அதான் அமுக்குது" என்றார் டாக்டர். அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

போன வாரம் இருவரும் மெதுவாகத் திருப்பம்வரை நடந்தோம். கை வரவில்லை. ஆனால் அண்ணன் முகத்தில் சந்தோஷமே இல்லை. கீழே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன வுட்டுட்டுப் போய்ட்சி. இப்ப யார தேடினு போயிருக்கோ" என்றார்.

அன்று சாயந்திரம்தான் நீ பெங்களூரிலிருந்து பேசினாய். டைல்ஸ் பெட்டியோடு மூன்றாவது மாடி ஏறினால் யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சிரித்தபடி சொன்னாய். டவர் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அது யாரும் இல்லை, தம்பி. நான் படத்தில் கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் படமெடுக்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான். இதைப் படித்த அன்றே வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பா, சித்தப்பா, அண்ணன் மூன்று பேர் கதையையும் மறைக்காமல் சொல். அதுவரை பெட்டி தூக்காதே, மாடி ஏறாதே. ஏறித்தான் ஆகவேண்டுமென்றால், பிடித்து இழுக்கும் இடத்தில் நின்றுவிடு. நிற்க வெட்கப்படாதே.

திரும்பி மட்டும் பார்க்காதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் அண்ணி,
ஈஸ்வரி