சைக்கிள் சீற்றை வெட்டினேன், அப்பா

கட்டுகஸ்தோட்டை,
திங்கள் காலை.

அன்பும் மதிப்பும் நிறைந்த அப்பாவுக்கு,

பிரியாந்தினி எழுதுவது. நான் சுகம். யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கிவிட்டதாமே, உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மாவின் ஒத்தடத்துக்குக் குறைகிறதா?

கோபிக்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நீங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட உங்கள் சைக்கிளின் தோல் சீற்றை வெட்டுவித்துவிட்டேன். இரண்டு ஓரமும் வெளியே விரிந்து, கந்தோர் வேலைக்குப் போய்வருவதற்குள் காலை உரசிவிடும். சின்னக் காயம்தான், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பாலத்தடியில் சப்பாத்துத் தைக்கிற முருகேசு அண்ணன் அளவுநாடாவைத் தொடவேயில்லை. ஓரங்களில் வெள்ளைச் சோக் பூசி, "அக்கரைக்கு ஓட்டிப் போயிட்டு வாங்க தங்கச்சி" என்றார். திரும்பி வந்தபோது, கால் உரசிய இடத்தில் மட்டும் சோக் அழிந்திருந்தது. அதுவரைக்கும்தான் வெட்டினார்.

வெட்டுமுன் தோலைத் தடவிப் பார்த்தார். "இத ஓட்டினவரு ரொம்ப வருஷமா முழங்கால அகட்டி வச்சே மிதிச்சிருக்காரு. அதான் இப்படி விரிஞ்சிருக்கு. முன்னாடி பார்ல புள்ளய வச்சுக்கிட்டுப் போவாரா?"

ஐந்து வருடம் அந்தப் பாரில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒருநாளும் உங்கள் முழங்கால் என்னில் இடித்ததில்லை. அது ஏனென்று, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு தோலைத் தடவிச் சொல்கிறார்!

வெட்டிய துண்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் சீற்றுக்குப் பூசும் எண்ணெயில் ஒரு சின்னப் போத்தல் அனுப்புங்கள். இங்கே எந்த எண்ணெய்க்கும் அந்த மணம் இல்லை.

கந்தோருக்கு நேரமாகிறது. அப்பா, அந்த முழங்கால் வலி எப்போது தொடங்கியது?

உங்கள் மகள்,
பிரியாந்தினி