கேட்டவர்களுக்கு மட்டும்

மார்ச் 3
தையல் மிஷின் பழுது பற்றி வாரம் ஒரு மெயில், இருநூற்றுப் பதினான்கு பேருக்கு அனுப்புகிறேன். பதில் ஒன்றுகூட இல்லை. இன்று நாத்தனார் சொன்னாள்: “லாட்டரி மெயிலுக்கும் மூட்டுவலி எண்ணெய்க்கும் நடுவுல கிடக்குது அண்ணி, உங்க கடிதம்.”
ஸ்பாமாம். நூல் ஏன் அறுகிறது என்று நானே மிஷினைப் பிரித்துப் பிரித்துக் கற்றதை எழுதினால், அது குப்பையா?

மார்ச் 5
மாப்பிள்ளைக்கு மெயில் கம்பெனியில்தான் வேலை. அவரைப் பிடித்துக் கேட்டேன். ஊருக்கே அனுப்புவது தப்பில்லையாம். கேட்டு வாங்குகிறவர்களுக்குப் போனால் அது மொத்தமாக அனுப்பும் கடிதம், அவ்வளவுதான். கேட்காதவர்களுக்குப் போனால் ஸ்பாம். வாங்குகிறவர்கள் திறக்கிறார்களா, தள்ளிவிடுகிறார்களா என்றும் பார்த்துத்தான் மெயில் கம்பெனியின் வடிகட்டி குப்பையைப் பிரிக்குமாம்.
“உங்ககிட்ட யார் கேட்டாங்க அத்தை?”
யாரும் கேட்கவில்லை. என் பழுதுக் கடையின் பழைய வாடிக்கையாளர் நோட்டிலிருந்து நானேதான் எல்லா முகவரியையும் சேர்த்தேன். அதனால் என்ன? நல்லதுதானே சொல்கிறேன்?

மார்ச் 8
மாப்பிள்ளையோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான்.

மார்ச் 11
ஸ்பாம் பட்டனை அமுக்கியவர்களில் நாத்தனாரும் ஒருத்தி! அவளே ஒப்புக்கொண்டாள். “நிறுத்தறதுக்கு வழியே வைக்கலையே அண்ணி. கைக்குக் கிடைச்ச பட்டனை அமுக்கிட்டேன்.” என்ன நெஞ்சழுத்தம். இருக்கட்டும், இருக்கட்டும்.

மார்ச் 14
கடிதம் வேண்டுமா என்று மெயிலில் கேட்டால் அதுவும் குப்பைக்குத்தான் போகும். அதனால் ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறேன். “எல்லாருக்குமா?” என்றார் மாப்பிள்ளை. எல்லோருக்கும்தான். நாத்தனாரைத் தவிர.

மார்ச் 22
தொண்டை கட்டிவிட்டது. ஒருவர் நான் மிஷின் விற்கிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். ஒருத்தி, நான் பழுது பார்த்த மிஷின் இன்னும் ஓடுகிறது என்று போனருகிலேயே மிதித்துக் காட்டினாள். அந்தச் சத்தம்! பெல்ட் மட்டும் கொஞ்சம் தளர்வு, சொன்னேன்.
வேண்டும் என்றவர்கள் அறுபத்தொரு பேர். போதும்.

மார்ச் 28
அறுபத்தொரு பேருக்கு அனுப்பினேன். ‘வேண்டாம் என்றால் இங்கே அமுக்கவும்’ என்று அடியில் பெரிதாகப் போட்டாயிற்று. அதை எழுதக் கை கூசியது, போட்டேன்.

மார்ச் 30
பதினேழு பதில்கள்! ஒருவர்கூட விலகவில்லை. மாப்பிள்ளைக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்புதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 2
நாத்தனார் போன். அவள் மிஷினில் அடிநூல் பாபின் சிக்கிக்கொண்டதாம், அதைப் பற்றித்தான் இந்த வாரக் கடிதம் என்று யாரோ சொன்னார்களாம். தனக்கு ஏன் வரவில்லை என்று ஒரே சண்டை.
“நீ கேக்கலையே” என்றேன்.
“சரி, கேக்கறேன் அண்ணி.”
அறுபத்திரண்டு.