தொட்டியில் முக்கிய கண்மாய்

நவம்பர் 10, திங்கள்

மூட்டம். மழை இல்லை. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி பூட்டு. வெடிமருந்து அறை போர்மேன் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை: வீட்டு வாசலில் நுழையும்போதும் செம்புத் தகட்டைத் தேடிக் கை போகிறது. கம்பெனியில் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க. இங்கே கதவைத் தொட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரி செல்வி சிரிக்கிறாள்.

டைரி, மச்சினன் பாண்டி கொடுத்தது. அச்சகத்தில் போன வருஷ மிச்சம். கிழமை ஒட்டாது. அடித்து எழுத வேண்டியது.

விஷயம்: மகள் கார்த்திகாவுக்குக் கடிதம். ஃபெலோஷிப்பாம். எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்த பெண், இரண்டு வருஷம் எங்கள் ஊர்க் கண்மாயை ஆராய வேண்டும், செத்த கண்மாயை உயிர்ப்பிக்க வழி சொல்ல வேண்டும். அதற்கு மாதாமாதம் அவர்களே பணம் கொடுப்பார்களாம். 24ஆம் தேதி மதுரையில் நேர்காணல்.

சேற்றைப் பார்க்கப் பணம். நான் பத்தாவது கணக்கில் தவறியவன்தான். ஆனாலும் இந்தக் கணக்கு இடிக்கிறது.

கடிதத்தாள் வழவழ. தலைப்பில் நாலு கலர், கொக்கு படம். "இதவிட நல்லா நம்ம அச்சகத்துல அடிச்சிரலாம் மச்சான்" என்கிறான் பாண்டி. அதுதான் பயமே.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். கேஸ் சிலிண்டர் வந்தது. கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தது. என்னை "சார்" என்றது, ஏழெட்டுத் தடவை. எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில். கவர்மெண்ட்டும் இல்லை, வட்டிக்கடையும் இல்லை, பிறகு எதற்கு இவ்வளவு மரியாதை? சந்தேகம் கூடியது.

கார்த்திகா தினமும் ஸ்கூட்டியில் கண்மாய்க்குப் போகிறாள். உடன் ஒரு பையனும் இல்லை. (பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கருவேல முள் குத்தி டி.வி.எஸ். பஞ்சர். தள்ளிக்கொண்டே வந்தேன்.)

ஃபெலோஷிப் கிடைக்காவிட்டால் எங்கள் கம்பெனி ஆபீசில் பில் போட வருகிறாளாம். "முதலாளிட்ட சொல்லி வையிங்கப்பா" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. அந்த கேட்டுக்குள் அவள் வருவதில் எனக்கு இஷ்டமில்லை. ஏன் என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

மதியம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். நிழலில் ஐந்து பேப்பர், ஐந்திலும் சாம்பல் நிறத் தூள். சலித்து, பரப்பி, மூலைக்கு ஒரு கல். பக்கத்தில் சல்லடை. ஒவ்வொரு பேப்பரிலும் பேனாவால் ஒரு நம்பர்.

இருபத்திரண்டு வருஷம் மருந்து சலித்த கண். அது வேறு எதையும் பார்க்காது. வெடிமருந்தேதான், திருட்டு வெடி செய்கிறவன் பாண்டிதான் என்று முடிவு கட்டினேன். பகலில் அச்சகம், மற்ற நேரம் என்ன வேலை என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. என் வீட்டு மாடியிலேயே காயப் போட்டுவிட்டான் களவாணி.

மருந்தில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. அரைகுறை ஈரம்தான் சூடேறும். மொத்தமாக முக்கிவிட வேண்டும். துணி ஊறப்போடும் தொட்டியை நிரப்பி, ஐந்து பேப்பரையும் அலுங்காமல் தூக்கிக் கவிழ்த்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகா படியேறி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"அப்பா, அது கம்மா மண்ணு."

அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். கண்மாயில் ஐந்து இடத்து மண். எந்த இடத்தில் இன்னும் விதை உயிரோடு இருக்கிறது என்று பார்க்கத்தானாம். இப்போது ஐந்தும் ஒரே கூழ்.

நவம்பர் 14, வெள்ளி

விடியும் முன்பே மழை. கொட்டுகிறது. மறுபடி மண் எடுத்துவர மண்வெட்டியோடு கண்மாய்க்கு ஓடினேன். கரை வரை தண்ணீர். எந்த இடம் எது என்று கடவுளுக்கே தெரியாது. எல்லா வருஷமும் ஏமாற்றுகிற மழை, இந்த வருஷம் இன்றைக்கு வருகிறது. இதிலும் யாரோ கை வைத்த மாதிரிதான் படுகிறது.

பாண்டி வந்தான். "எம்மேல அம்புட்டு நம்பிக்கையா மச்சான்?" பஜ்ஜி மட்டும் நான்கு சாப்பிட்டான்.

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். பல்வலி. கார்த்திகாவுக்கு என்னிடம் "சாப்பாடு வைக்கவாப்பா" தவிர வேறு பேச்சில்லை. திட்டியிருக்கலாம். தொட்டியில் தெளிந்த நீரை வடித்துவிட்டு நிழலுக்கு நகர்த்தி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கத் தைரியம் இல்லை.

செல்வி: "முதலாளிட்ட பேசுனீகளா?"

"அவரு ஊர்ல இல்ல."

பொய். நேற்று டீக்கடையில் பார்த்தேன்.

நவம்பர் 20, வியாழன்

தொட்டியில் பச்சை. ஊசி மாதிரி ஏழெட்டு. ஓரமாக வேறு இலை, ஜோடி ஜோடியாக.

செல்வி ஏதோ கீரை விதையைத் தூவியிருக்கிறாள், பிள்ளை மனசு ஆற. அஞ்சறைப் பெட்டி வரை திறந்து பார்த்தேன்.

"இங்கன என்ன தேடுதீக?"

"நீ விதை கிதை போட்டியா?"

"கட்டுன பொண்டாட்டி மேலயும் சந்தேகமா? இனி உங்க நெழலுக்குத்தான் வெலங்கு மாட்டணும்."

கார்த்திகா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஊசி கோரையாம். மற்றது நீர்முள்ளி மாதிரி இருக்கிறதாம். கருவேலம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. "உயிர் இருக்குன்னு காட்டிரலாம். எந்த எடத்துலன்னுதான் சொல்ல முடியாது" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் என்னிடம் சொன்னாள்.

நவம்பர் 24, திங்கள்

மதுரை பஸ். மடியில் மூடி போட்ட பிரியாணி வாளி. அதில் சேறும் பச்சையும்.

கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர்களை மோப்பம் பிடிப்பவர். "என்னய்யா வாளியில? வெடி கிடி இல்லையே?"

"கம்மாச் சேறு."

"சேத்த எவன்யா மதுரைக்குக் கொண்டு போவான்?"

"அதத்தாங்க நானும் ரெண்டு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கார்த்திகா சிரித்துவிட்டாள். பத்து நாளுக்கப்புறம். மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். சந்தேகம் தீராமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். என்னைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

பதினொன்றரை. ஆபீஸ் வராண்டாவில் எழுதுகிறேன். உண்மையான ஆபீஸ்தான், மேஜைக்கு மேஜை தூசி இருக்கிறது. போனில் பேசிய அம்மா இங்கேதான் இருக்கிறது. நேரிலும் "சார்". டீ கொடுத்தது. குடித்தேன்.

கார்த்திகா வாளியோடு உள்ளே போய் அரை மணி ஆயிற்று. மழையில் நனைந்தது என்று சொல்லிவிடு என்றுதான் சொல்லி அனுப்பினேன். கேட்கிற பிள்ளை இல்லை.

கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒருவர்.

"மண்ணைத் தொட்டியில முக்குனவர் நீங்கதானா? என்ன செஞ்சீங்கன்னு நீங்களே வந்து சொல்லணுமாம்."

செருப்பைக் கழற்றிவிட்டேன். கதவோரம் கை தடவுகிறது. இங்கே செம்புத் தகடு இல்லை.